கப்பி அம்மாவுக்கு ஒரு கை வேலம்பாசி

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டின் வளவில், தூண் ஓரமாக இரண்டடி நீள மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகள் ஒருநாள் காலையில் பல்லுகூடத் துலக்காமல் ஓடி வந்தாள்.

"பெரியம்மா, பெரிய கப்பிக்கு வயிறு வீங்கிப்போச்சு! நான் தீனி அதிகமாப் போட்டுட்டேனா?"

போய்ப் பார்த்தேன். வயிறு உருண்டையாக இல்லை, பெட்டி போலச் சதுரமாக இருந்தது. அடிவயிற்றின் பின்பக்கம் ஒரு கறுப்புத் திட்டு.

"தீனி இல்லம்மா. அது சினையா இருக்கு. ரெண்டு மூணு நாள்ல குட்டி போட்டுரும்."

"மீன் முட்டைதானே போடும்?"

நல்ல கேள்வி. நம் கண்மாயில் இருக்கும் கெண்டையும் அயிரையும் முட்டையிடுபவைதாம். தண்ணீரில் விட்ட முட்டைகளில் எத்தனை பிழைக்கும் என்பது தாய்க்கே தெரியாது. கப்பி வேறு வழி கண்டது. முட்டைகள் அதன் வயிற்றுக்குள்ளேயே தங்குகின்றன. ஒவ்வொரு குஞ்சும் தன் முட்டையின் மஞ்சள்கருவைத் தின்று வளர்கிறது. மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜன் தாயிடமிருந்து வருகிறது. மூன்று, நான்கு வாரங்களில் குஞ்சுகள் முழு உருவத்தோடு வெளியே வருகின்றன. வெளிர்நிறத் தாயாக இருந்தால், பிரசவம் நெருங்கும்போது அந்தக் கறுப்புத் திட்டுக்குள் குட்டிக் கண்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். கைவிளக்கை வெளிச்சம் மங்கலாக வைத்துப் பாருங்கள். நான் பல முறை பார்த்திருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

இந்த மீனின் சொந்த ஊர் வெகுதூரம். வெனிசுவேலா, கயானா, டிரினிடாட் தீவு ஆகிய இடங்களின் ஓடைகள். 1866இல் டிரினிடாடிலிருந்து ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய மீன்களுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஆனால் அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1859இல், ஜெர்மன் அறிஞர் பீட்டர்ஸ் இதே மீனை விவரித்து வேறு பெயர் வைத்துவிட்டார். அறிவியலில் முதலில் வைத்த பெயருக்கே உரிமை. ஏடுகளில் பீட்டர்ஸ் வைத்த பெயர் நின்றது. நம் வாயில் கப்பி நின்றது.

"குட்டி போட்டதும் அம்மா பாத்துக்குமா?" என்றாள்.

உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். பாத்துக்காது. பசித்தால் தின்றும்விடும். அவள் முகம் சுருங்கிவிட்டது. கப்பியின் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. வாய்க்குள் அடங்கும் அளவில் நெளிந்து போகிற எதுவும் அதற்கு இரைதான். தன் பிள்ளை என்று அறியும் வழி அதற்கு இல்லை. ஓடையில் குஞ்சுகள் செடிகளுக்குள்ளும் கரையோர ஆழமில்லாத நீரிலும் புகுந்து தப்பிவிடும். கண்ணாடித் தொட்டியில் எங்கே புகும்? ஒளிந்துகொள்ள இடமில்லாததுதான் குறை.

கடைகளில் குஞ்சு பிடிக்கும் சிறு பிளாஸ்டிக் பெட்டி விற்கிறார்கள். பிரசவம் நெருங்கிய தாயைப் பிடித்து அதற்குள் அடைப்பது வழக்கம். எனக்கு அது பிடிக்காது. பல வருடங்களுக்கு முன் நானும் அப்படி ஒரு மீனை வலையால் துரத்திப் பிடித்து அடைத்தேன். மிரண்டுபோய், வயிற்றில் மஞ்சள்கருப் பை ஒட்டிய குறைக்குஞ்சுகளைப் போட்டது. ஒன்றும் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து தாயை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறேன். கை நிறைய வேலம்பாசி மட்டும் தொட்டியில் போடுவேன். ஒரு பக்கம் அடர்த்தியாக, மேல்மட்டம் வரை.

பாசியைக் கண்மாயிலிருந்து எடுத்தால் அப்படியே போடாதீர்கள். அதில் தும்பியின் இளம்புழு ஒட்டியிருக்கலாம். பறக்கும் தும்பி அழகுதான். ஆனால் நீருக்குள் வாழும் அதன் பிள்ளை மீன்குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். அலசி, தனி வாளியில் சில நாள் வைத்து, உற்றுப் பார்த்த பிறகே தொட்டிக்கு.

ஒளிந்துகொள்ள இடம் இருப்பதும் இல்லாததும், எதிரி இருப்பதும் இல்லாததும் ஒரு மீனின் குடும்பத்தையே மாற்றிவிடும். டிரினிடாட் ஓடைகளில் அருவிக்குக் கீழே பெரிய வேட்டை மீன்கள் உண்டு. மேலே அவை ஏற முடியாது. கீழே வாழும் கப்பிகள் சீக்கிரம் பருவமடைந்து, சிறிய குஞ்சுகளை நிறையப் போடும். மேலே வாழ்பவை தாமதமாக, பெரிய குஞ்சுகளைக் கொஞ்சமாகப் போடும். 1976இல் ஜான் எண்ட்லர் என்ற விஞ்ஞானி கீழ்ப்பகுதிக் கப்பிகளை, அதுவரை கப்பியே இல்லாத மேல்பகுதி ஓடையில் விட்டார். பதினோரு ஆண்டுகள் கழித்து அவரும் டேவிட் ரெஸ்னிக்கும் பார்த்தபோது, அவற்றின் வாரிசுகள் மேல்பகுதி மீன்களைப் போலப் பெரிய குஞ்சுகளைக் கொஞ்சமாகப் போடத் தொடங்கியிருந்தன. பரிணாமம் என்றால் லட்சம் ஆண்டு ஆகும் என்று நினைத்திருப்போம். இங்கே ஒரு குழந்தை பிறந்து ஆறாம் வகுப்புக்குப் போகும் காலம் போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள் விடியலில் குஞ்சுகள் வந்துவிட்டன. மடங்கி வெளியே வந்து, விரிந்து, சில அடியில் கிடந்து இளைப்பாறி, பிறகு பாசிக்குள் பாய்ந்தன. ஒவ்வொன்றும் அரிசி அளவு. இருபத்து மூன்று என்று எண்ணினாள். பாசிக்குள் இன்னும் எத்தனையோ.

தண்ணீரை மாற்ற, மழைநீர் அண்டாவிலிருந்து ஒரு செம்பு மொண்டு வந்தாள். சுத்தமான தண்ணீர் என்பது அவள் எண்ணம். கப்பிக்குச் சற்று உப்புச்சத்துள்ள கடினநீர்தான் ஒத்துவரும். மழைநீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் அந்தத் தாதுக்கள் இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரே போதும். குழாய்த் தண்ணீர் என்றால், குளோரின் போக ஒருநாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு மட்டும் மாற்றினால் போதும். சித்திரை வெயில் தொட்டியில் நேராக விழக் கூடாது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும்.

குஞ்சுகளுக்குத் தீனி, அவித்த முட்டையின் மஞ்சள்கரு. துணியில் முடிந்து நீரில் லேசாகப் பிழிந்தால் தூள் மேகம்போல் பரவும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை, ஊசிமுனை அளவு. மிஞ்சினால் அழுகி நீரைக் கெடுக்கும், மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். மாத்திரைபோல் இருக்கும் மீன் தீனியை விரலால் பொடித்தும் போடலாம்.

"நிறைய ஆயிட்டா ஊருணியில விட்டுரலாமா?"

கூடாது. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கப்பியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சுகாதாரத் துறையினர் கிணறுகளிலும் தொட்டிகளிலும் அதை விடுவதுண்டு. ஆனால் ஊருணியும் கண்மாயும் நம் மீன்களின் வீடு. உச்சந்தலையில் வெள்ளிப் புள்ளி மின்ன, மேல்மட்டத்தில் நீந்தும் சின்ன மீனைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் கொசுப்புழு தின்னும் மீன், இந்த மண்ணின் மீன். அதன் இரையையும் இடத்தையும் பிடுங்க வெளியூர் மீனை நாம் அனுப்பக் கூடாது. மிஞ்சிய குஞ்சுகளைத் தொட்டி வைத்திருக்கும் நண்பர்களுக்குக் கொடுங்கள்.

விடுமுறை முடிந்து போகும்போது அந்தத் தாயை மட்டும் பையில் நீர் நிரப்பி மதுரைக்கு எடுத்துப்போனாள். மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி.

"பெரியம்மா, இங்க ஆண் மீனே இல்ல. ஆனா மறுபடியும் கறுப்புத் திட்டு வந்திருக்கு!"

ஆண் கப்பியின் விந்தணுக்களைத் தாய் மாதக்கணக்கில் உடலுக்குள் சேமித்து வைத்திருக்கும், ஒருமுறை சேர்ந்தால் பல பிரசவங்களுக்குப் போதும் என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை.

"அப்ப இப்பவே போய் வேலம்பாசி வாங்கிட்டு வரேன்."