அதே நிரை, அதே புதிர்

கொழுந்து எடுக்கும் கைகளைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? அடுத்த நிரைக்காரியோடு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். விரல்களோ இரண்டு இலையும் ஒரு அரும்பும் பார்த்துக் கிள்ளும், முற்றலைத் தொடாது. "எப்படிம்மா தெரியுது?" என்று சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டேன். "தெரியாம என்ன?" என்றார். விளக்கம் அவ்வளவுதான்.

சதுரங்கத்தில் கைதேர்ந்தவர்களைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். 1973இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஓர் ஆட்டத்தின் நடுக்கட்டத்தை 5 வினாடி காட்டி மறைத்தார்கள். மாஸ்டர் சுமார் 16 காய்களைச் சரியான கட்டத்தில் வைத்தார், புதியவர் நான்கைந்தோடு நின்றார். பிறகு காய்களைக் கண்டபடி பரப்பிக் காட்டினார்கள். மாஸ்டரும் புதியவரைப் போலவே தடுமாறினார். அப்படியென்றால் அது ஞாபகசக்தி இல்லை. பழகிய கண் காய்களைக் கொத்துக் கொத்தாகப் பார்க்கிறது.

ஒரு கொத்தைச் சொல்கிறேன். மூலையில் ராஜா, முன்னால் அவருடைய சிப்பாய்கள். எதிரி தன் ராணியையே ராஜாவின் பக்கத்துக் கட்டத்தில் கொண்டுபோய் வைக்கிறார். அதைக் கோட்டையால் வெட்டியே ஆகவேண்டும். வெட்டியதும் ராஜாவுக்கு மூச்சுவிட இடமில்லை. குதிரை ஒரு செக் கொடுக்க, மாட்! முதல்முறை பார்க்கும் பிள்ளை வாய் பிளக்கும். ஸ்பெயின்காரர் லூசேனா 1497இல் அச்சிட்ட நூலிலேயே இது இருக்கிறது. தெரிந்தவருக்கு இது கணக்கே இல்லை, கண்டதும் கை போகும்.

இதைப் பழக்க ஒரு வழி உண்டு. சுவீடன் கிராண்ட்மாஸ்டர்கள் அக்செல் ஸ்மித்தும் ஹான்ஸ் டிக்கானனும் 2018இல் எழுதிய புத்தகத்தில் அதற்கு மரங்கொத்தி முறை என்று பெயர். நூற்றுக்கணக்கான புதிர்களை நாலு வாரத்தில் போட்டு முடிப்பது, பிறகு அதே புதிர்களை இரண்டு வாரத்தில், அதன்பின் ஒரு வாரத்தில் என்று நேரத்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே திரும்பப் போடுவது. புதுசு தேடி ஓடுவதில்லை. சாதாரணதரப் பரீட்சைக்கு ஒரே கடந்தகால வினாத்தாளை நாலு தரம் செய்த பிள்ளைக்கு இது புரியும். ஏழெட்டு நாளில் அதே நிரைக்குத் திரும்பும் அம்மாவுக்கும் புரியும்.

செலவும் பெரிதில்லை. பின்னாளில் சதுரங்க உலகச் சாம்பியனான விஸ்வநாதன் ஆனந்த் சின்னப் பையனாக மணிலாவில் இருந்தபோது தொலைக்காட்சியில் பகலில் சதுரங்கப் புதிர் வரும். அவர் பள்ளியில் இருப்பார். அம்மா சுசீலா குறித்துவைப்பார், பின்னேரம் இருவருமாகப் போடுவார்கள். லயத்து அறையிலும் ஒரு கொப்பியும் பலகையும் போதும்.

ஒரு கோளாறு மட்டும் இருக்கிறது. புதிர் என்றாலே அதில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஆட்டத்தில் அதை யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் நான் பிள்ளைகளுக்குப் பத்துப் புதிர் எழுதிக் கொடுத்தால், ஒன்றுமே இல்லாத நிலைகள் இரண்டை நடுவில் செருகிவிடுவேன். அங்கேயும் ராணியைக் கொடுத்துவிட்டு முழிக்கிறவர்கள் உண்டு. கொடுக்காமல் வெகுநேரம் பார்த்துவிட்டு, "சேர், இதில ஒண்ணுமே இல்ல" என்று கொப்பியைத் தள்ளுகிறவர்களும் உண்டு.