பழைய போனுக்குப் புது ஆண்ட்ராய்டு

2008 நவம்பர். உலகின் முதல் ஆண்ட்ராய்டு போனான ஹெச்.டி.சி. ட்ரீம், டி-மொபைல் ஜி1 என்ற பெயரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. திரையைத் தள்ளினால் அடியிலிருந்து ஒரு சின்ன விசைப்பலகை வெளியே வரும். அந்தப் போன் வைத்திருந்த ஒருவர் காதலிக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். ஏன் பதிலே காணோம் என்று அவள் கேட்டாள். போனை அணைத்துப் போட்டதால்தான் தாமதம் என்று சொல்ல, ‘ரீபூட்’ என்று ஒற்றைச் சொல்லை ஆங்கிலத்தில் தட்டினார். அந்த நொடியே போன் தானாக அணைந்து மறுபடி இயங்கத் தொடங்கியது.

தற்செயல் இல்லை. சோதனைக் காலத்தில் வைத்திருந்த ஓர் உள்வழியை அடைக்காமலே போனைச் சந்தைக்கு அனுப்பிவிட்டார்கள். விசைப்பலகையில் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஒரு கட்டளை நிரலுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த நிரலுக்கோ போனில் எதையும் செய்யும் அதிகாரம் இருந்தது. கூகுள் சீக்கிரமே ஓட்டையை அடைத்தது. அதற்குள் பலர் அதே வழியில் நுழைந்து தங்கள் போனின் முழு அதிகாரத்தைக் கையில் எடுத்திருந்தார்கள். ஆண்ட்ராய்டு போனை வீட்டிலேயே திறந்து மாற்றும் கலை இப்படித்தான் தொடங்கியது.

அந்த அதிகாரத்துக்குப் பெயர் ரூட். ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ். லினக்ஸில் எல்லாக் கோப்புகளையும் திறக்கவும் அழிக்கவும் உரிமை உள்ள பயனர் ரூட் மட்டுமே. போனில் நாம் நிறுவும் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி அடையாள எண் தரப்படுகிறது. அதனால் ஒரு செயலியின் தரவை இன்னொரு செயலி தொட முடியாது. காசு கொடுத்து வாங்கியவருக்கும் இதே எல்லைதான். கூடவே வரும் வேண்டாத செயலிகளை முடக்கலாம், பலவற்றை முழுதாக நீக்க முடியாது.

ரூட் அதிகாரம் பெறுவது ஒரு வேலை. போனின் இயங்குதளத்தையே எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவது அதைவிடப் பெரிய வேலை. இரண்டுக்கும் முதல் படி பூட்லோடர் என்ற நிரலின் பூட்டைத் திறப்பது.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் கண்விழிப்பது ஆண்ட்ராய்டு அல்ல. சிப்புக்குள் தொழிற்சாலையிலேயே அழிக்க முடியாதபடி பதித்த ஒரு குட்டி நிரல்தான் முதலில் ஓடுகிறது. அது பூட்லோடரைத் தேடி எடுத்து, அதில் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கிறது. சரியாக இருந்தால்தான் பூட்லோடருக்கு வழிவிடும். பூட்லோடர் அதே மாதிரி லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் கையொப்பத்தைச் சரிபார்க்கும். கெர்னல் தன் பங்குக்கு இயங்குதளத்தின் ஒவ்வொரு துண்டையும் படிக்கும்போதே சரிபார்க்கும். இடையில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். பூட்லோடரைத் திறப்பது என்றால், ‘கையொப்பம் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை, ஓடவிடு’ என்று அதற்குச் சொல்லிவிடுவது.

இந்தப் பூட்டை வெறும் வணிகத் தந்திரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பேருந்தில் பறிபோன போனைத் திருடன் கணினியில் செருகி, ரகசியமாக உளவு நிரலைப் புகுத்தித் திரும்ப வைத்துவிட முடியாமல் தடுப்பது இதுதான். பூட்டைத் திறக்கும் கணத்தில் போனில் உள்ள படங்கள், செய்திகள், தொடர்பு எண்கள் அத்தனையும் அழிவதும் இதே காரணத்தால்தான். திறப்பவர் உரிமையாளரா திருடரா என்பது பூட்லோடருக்குத் தெரியாது. ஆகவே யார் திறந்தாலும் வெற்றுப் போன்தான் கிடைக்கும். நல்ல ஏற்பாடு.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வன்பொருள் திடமாக இருக்கும்போதே நிறுவனம் புதுப்பிப்பை நிறுத்திவிடுகிறது. பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கின்றன. அடைக்கத் தெரிந்தவர்கள் வெளியே இருந்தும் பூட்டு அவர்களை உள்ளே விடுவதில்லை.

ஷியோமியின் போக்கோ எஃப்1 இதற்குச் சரியான உதாரணம். 2018 ஆகஸ்டில் இந்தியாவில் 20,999 ரூபாய்க்கு அறிமுகமான போன். அதே ஆண்டில் மூன்று மடங்கு விலைக்கு விற்ற போன்களில் இருந்த ஸ்னாப்டிராகன் 845 சிப்தான் இதிலும் இருந்தது. வந்தது ஆண்ட்ராய்டு 8.1 உடன். நிறுவனம் கடைசியாகக் கொடுத்தது ஆண்ட்ராய்டு 10. ஆனால் லீனியேஜ் ஓ.எஸ். என்ற தன்னார்வலர் இயங்குதளத்தின் வழியாக அதற்குப் பிந்தைய ஆண்ட்ராய்டு பதிப்புகளும் அதில் ஓடின. பூட்லோடரைத் திறந்தாலும் உத்தரவாதம் செல்லும் என்று நிறுவனமே அறிவித்ததும், கெர்னலின் மூல நிரலைச் சீக்கிரம் வெளியிட்டதும் இதற்கு உதவின.

மூல நிரலை வெளியிடுவது பெருந்தன்மை மட்டும் அல்ல, கடமையும்கூட. லினக்ஸ் கெர்னல் ஜி.பி.எல். உரிமத்தில் வருகிறது. அதை மாற்றிப் போனில் வைத்து விற்பவர், மாற்றிய நிரலைக் கேட்பவருக்குத் தர வேண்டும். பல நிறுவனங்கள் இழுத்தடிக்கும், அரைகுறையாகத் தரும். தந்தாலும் கேமரா, மோடம், கைரேகை உணரி போன்றவற்றை இயக்கும் நிரல்கள் மூடிய பெட்டிகளாகவே இருக்கும். தன்னார்வலர்கள் அவற்றை நிறுவனத்தின் இயங்குதளத்திலிருந்து அப்படியே பிரித்தெடுத்துப் புதிய ஆண்ட்ராய்டோடு ஒட்ட வைக்கிறார்கள். தனிப்பட்டவர்கள் செய்யும் ரோம்களில், அதாவது மாற்று இயங்குதளங்களில், கேமரா மட்டும் சொதப்புவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். 2017இல் ஆண்ட்ராய்டு 8 உடன் வந்த ட்ரெபிள் என்ற அமைப்பு, வன்பொருள் சார்ந்த பகுதியையும் இயங்குதளத்தையும் தனித்தனிப் பிரிவுகளாக்கியதால் இந்த ஒட்டு வேலை கொஞ்சம் எளிதானது.

போக்கோ எஃப்1 போன்ற ஒரு போனில் இந்த வேலை எப்படி நடக்கிறது? அமைப்புகளில் மென்பொருள் பதிப்பைக் காட்டும் வரியை ஏழு முறை தட்டினால், மறைந்திருக்கும் டெவலப்பர் பகுதி திறக்கும். அங்கே பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் பொத்தானை இயக்கி, போனை ஷியோமிக் கணக்கோடு இணைக்க வேண்டும். பிறகு போனை அணைத்து, பவர் பட்டனையும் ஒலியைக் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஃபாஸ்ட்பூட் நிலைக்குப் போகும். பழைய ஷியோமி போன்கள் பலவற்றில் அந்தத் திரையில் ஒரு முயல் வரும். காதுகளை மூடும் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, பச்சை ஆண்ட்ராய்டு பொம்மையைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கும். யூ.எஸ்.பி. கேபிளில் கணினியோடு இணைத்து நிறுவனத்தின் திறப்பு நிரலை ஓட்டினால், ‘168 மணி நேரம் கழித்து வாருங்கள்’ என்பது போல ஒரு பதில் வரும். ஏழு நாள் காத்திருந்து மறுபடி ஓட்டினால் பூட்டு திறக்கும். அதற்குப் பின் ஒவ்வொரு முறை போனை இயக்கும்போதும் திறந்த பூட்டின் அடையாளம் திரையில் தெரியும்.

அடுத்தது ரெக்கவரி. ஆண்ட்ராய்டு ஓடாதபோதும் போனைச் சரிசெய்ய உதவும் சிறு இயங்குதளம் அது. நிறுவனம் கொடுத்த ரெக்கவரி வெளியார் ரோமை ஏற்காது என்பதால், அதன் இடத்தில் டி.டபிள்யூ.ஆர்.பி. அல்லது லீனியேஜின் சொந்த ரெக்கவரியைப் பதிக்கிறார்கள். அதன் வழியாகப் பழைய தரவுப் பகுதியை முழுதாகத் துடைத்து, கணினியிலிருந்து புதிய ரோமை அனுப்பினால் வேலை முடிந்தது. முதல் முறை எழுந்து நிற்கப் போன் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். பதறிப் போய் நடுவில் அணைத்துவிடக் கூடாது.

கூகுள் செயலிகளைத் தனியாகச் சேர்க்க வேண்டும். இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஸ்டீவ் காண்டிக் என்ற அமெரிக்க நிரலாளர் 2009இல் அதே ஹெச்.டி.சி. ட்ரீமுக்காக சயனோஜென்மாட் என்ற ரோமை உருவாக்கினார். ஜிமெயில், மேப்ஸ், ஆப் சந்தை எல்லாம் அதில் இருந்தன. ஆண்ட்ராய்டின் நிரல் எல்லோருக்கும் பொது. இந்தச் செயலிகளோ கூகுளின் சொத்து. அந்த ஆண்டு செப்டம்பரில் அவற்றைப் பரப்புவதை நிறுத்தச் சொல்லிக் கூகுளிடமிருந்து சட்டக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து ரோம் தனி, கூகுள் செயலிகள் தனி. சயனோஜென் பிறகு நிறுவனமாக வளர்ந்து, 2014இல் ஒன்பிளஸ் ஒன் போனில் இடம்பிடித்து, 2016 கடைசியில் தன் சேவைகளை மூடியது. அதன் நிரலை எடுத்துக்கொண்டு தன்னார்வலர்கள் அதே டிசம்பரில் தொடங்கியதுதான் லீனியேஜ் ஓ.எஸ்.

எல்லாம் இப்படிச் சுமுகமாக முடியும் என்று நம்பி இறங்கக் கூடாது. வேறு மாடலுக்கான ரோமைப் பதித்தாலோ, பூட்லோடரையே எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் ஆடிப்போனாலோ போன் அசையாமல் படுத்துவிடும். லோகோவோடு நின்று சுற்றிக்கொண்டே இருந்தால் பயமில்லை, ஃபாஸ்ட்பூட் வழியாக மீட்கலாம். திரையே வராவிட்டால்தான் ஆபத்து. குவால்காம் சிப் உள்ள போன்களில் அவசர நிலை ஒன்று இருக்கிறது. ஆனால் அதில் நுழையப் பல நேரங்களில் பின்மூடியைக் கழற்றிப் பலகையில் இரண்டு புள்ளிகளைச் சேர்த்துத் தொட வேண்டும், நிறுவனம் அங்கீகரித்த கணக்கும் வேண்டும். பழைய மென்பொருளுக்குத் திரும்பவே விடாத தடுப்பும் சில போன்களில் உண்டு. 2018இல் வந்த ரெட்மி நோட் 5 ப்ரோவில் அந்தத் தடுப்பை அறியாமல் பழைய பதிப்பைப் போட்டவர்களின் போன்கள் செங்கல்லாகின.

போனின் அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கும் பகுதியை முதலிலேயே நகலெடுத்து வைப்பது அவசியம். அது அழிந்தால் சிம் வேலை செய்யாது. அந்த எண்ணை மாற்றி எழுதுவது இந்தியாவில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ரூட் மட்டும் வேண்டுபவர்கள் பெரும்பாலும் நாடுவது மேஜிஸ்க். ஜான் வூ 2016இல் வெளியிட்ட கருவி இது. இயங்குதளத்தின் கோப்புகளில் கைவைக்காமல், கெர்னல் இருக்கும் பகுதியை மட்டும் மாற்றி வேலையைச் சாதிக்கும். அதன் திறமையைப் பார்த்தோ என்னவோ, 2021இல் அவரை ஆண்ட்ராய்டின் பாதுகாப்புக் குழுவுக்கே கூகுள் எடுத்துக்கொண்டது.

இன்றைக்கு இந்தக் கலைக்கு மிகப் பெரிய தடை வங்கிச் செயலிகள்தான். பூட்லோடர் பூட்டியிருக்கிறதா என்று போனின் வன்பொருளிடமே கேட்டுச் சான்று வாங்க கூகுள் செயலிகளுக்கு வழி செய்து தந்திருக்கிறது. திறந்திருந்தால் பல வங்கிச் செயலிகளும் யூ.பி.ஐ. செயலிகளும் ஓட மறுக்கின்றன. டீக்கடையில்கூடக் கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்யும் ஊரில் இது சின்ன இழப்பு அல்ல. வங்கிகளின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பல ஆண்டுகளாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பே பெறாத, பூட்டிய பழைய போனை ஏற்றுக்கொள்ளும் அதே செயலி, இந்த மாதத்துப் புதுப்பிப்போடு ஓடும் லீனியேஜ் போனைத் தள்ளிவிடுவது எந்த விதத்திலும் பாதுகாப்பு ஆகாது.

பூட்டும் இருக்கலாம், சாவியும் உரிமையாளரிடம் இருக்கலாம் என்பதற்குக் கூகுளின் பிக்சல் போன்களே சான்று. அவற்றின் பூட்லோடரில் பயனர் தனக்கு வேண்டிய சாவியைப் பதிக்க முடியும். கிராஃபீன் ஓ.எஸ். என்ற பாதுகாப்பு இயங்குதளத்தைப் போடுபவர்கள் அதன் சாவியைப் பதித்துவிட்டுப் பூட்லோடரைத் திரும்பவும் பூட்டிவிடுகிறார்கள். போன் எழும்போது மஞ்சள் நிறத்தில் ஓர் அறிவிப்பு வரும், அவ்வளவுதான். கையொப்பச் சோதனை எல்லாம் முன்போலவே நடக்கும். மற்ற நிறுவனங்களும் இதைச் செய்வதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. பல நிறுவனங்களுக்கு மனம்தான் இல்லை. ஹுவாவே 2018இல் திறப்புக் குறியீடு தருவதை நிறுத்தியது. ஆசுஸ் 2023இல் தன் திறப்புக் கருவியை விலக்கிக்கொண்டது. ஷியோமியும் ஹைப்பர் ஓ.எஸ். வந்த பிறகு விதிகளை இறுக்கிவிட்டது.

ஒரு பக்கம் கதவுகள் மூடினாலும், இந்தத் தேவையையே குறைக்கும் மாற்றங்களும் நடக்கின்றன. 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8க்கும், 2024 ஜனவரியில் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு வாக்களிக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு தர வேண்டும் என்பது விதி. விலை குறைந்த போன்களே அதிகம் விற்கும் நம் சந்தையில் அப்படி ஒரு விதி இன்னும் இல்லை.

அலமாரியில் கிடக்கும் பழைய போனில் முயன்று பார்க்க விரும்புபவர் முதலில் அதன் உட்பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். போக்கோ எஃப்1க்கு அது ‘பெரிலியம்’, ரெட்மி நோட் 4க்கு ‘மிடோ’. கடைப்பெயர் ஒன்றாக இருந்தாலும் உட்பெயர் வேறாக இருக்கலாம். லீனியேஜின் பட்டியலில் அந்த உட்பெயர் இருக்கிறதா, இன்னும் யாராவது அதைப் பராமரிக்கிறார்களா என்று பார்க்கலாம். வங்கிக் கணக்கு இல்லாத போன், பாதிக்கு மேல் சார்ஜ், ஆடாத கேபிள், வேறிடத்தில் பத்திரமாக நகலெடுத்த படங்கள் ஆகிய நான்கும் கையில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.