போனால் போதுமா? வீடு திரும்ப வேண்டாமா?

நம் தோட்டங்களில் இன்று கார் இல்லாத வீடுகள் குறைந்துவிட்டன. ஆனால் அவற்றில் புதுக்கார் எத்தனை? நாலு பேர் கைமாறி, மேலே சாயம் பூசி, டவுன் கடையில் பளபளவென்று நிற்கும் பழைய காரைத்தான் நம்மில் பலர் வாங்குகிறோம். அதில் கோயிலுக்குப் போகிறோம், சந்தைக்குப் போகிறோம். ஒருநாள் துணிச்சல் வந்து எல்லை தாண்டியும் போய்விடுகிறோம். அப்படிப் போய்த் திரும்பிய அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இதில் தவறு செய்தவன் நான்தான். ஆகவே யாருக்கும் மனவருத்தம் இல்லாமல் சொல்லிவிடலாம்.

என் தகப்பனார் 1941-இல் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருக்கு 2 வயதாக இருந்தபோது அவருடைய தகப்பனாரை ஜப்பானியர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை, 415 கிலோமீட்டர் பாதை அது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நம் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் மாண்டவர்கள் போக, மிஞ்சியவர்கள் திரும்பி வந்தார்கள். என் தாத்தா வரவில்லை.

"கண்ண மூடுறதுக்குள்ள அந்த எடத்த ஒரு தடவ பாத்துடணும்பா" என்று அப்பா வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 2023-இல் பள்ளி விடுமுறை வந்தது. நான், என் மனைவி, அப்பா மூவரும் காஞ்சனபுரிக்குக் காரிலேயே புறப்பட முடிவு செய்தோம். அம்மாவுக்கு மூட்டுவலி, தங்கையோடு வீட்டில் இருந்துகொண்டார்.

கார் 15 வயதானது. 7,000 வெள்ளிக்கு வாங்கியது. புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டு வந்தது. வாரம் ஒரு போத்தல் பைப்புத் தண்ணீர் ஊற்றினேன். 'தண்ணீர்தானே, ஊற்றினால் போச்சு' என்று இருந்துவிட்டேன். தண்ணீர் ஏன் குறைகிறது என்று நான் கேட்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் "ஏன், எதற்கு என்று கேளுங்கள்" என்று தினமும் சொல்கிறவன் நான்!

புக்கிட் காயு ஹீத்தாமில் தாய்லாந்துக் காப்புறுதி வாங்கினோம். எல்லையில் சுங்க அதிகாரிகள் காருக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். இந்தக் கார் தற்காலிகமாக நாட்டுக்குள் வருகிறது, குறித்த நாளுக்குள் திரும்பிப் போய்விட வேண்டும், தவறினால் அபராதம் என்பது அதன் பொருள். அந்தச் சீட்டின் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஹட்யாய், சூராட் தானி, சும்பொன் என்று வடக்கே ஏறி, வழியில் ஒரு இரவு தங்கி, மறுநாள் மாலை காஞ்சனபுரி போய்ச் சேர்ந்தோம். அங்குள்ள போர்க்கல்லறையில் 6,982 கைதிகள் அடக்கமாகியிருக்கிறார்கள். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர்கள். வரிசை வரிசையாகக் கற்கள், புல்வெளி, பூச்செடிகள். அந்த வரிசைகளில் நம் தோட்டத்து ஆட்கள் யாரும் இல்லை. அப்பா எல்லாவற்றையும் நடந்து பார்த்தார். பிறகு ஆற்றங்கரைக்குப் போய்ப் பாலத்தைப் பார்த்தபடி ஒரு கட்டி சூடம் கொளுத்திக் கும்பிட்டார். "போலாம்பா" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும் பயணத்தில்தான் கார் தன் குணத்தைக் காட்டியது.

காலை 6 மணிக்குக் கிளம்பினோம். சும்பொன் பக்கம் சாலை விளக்குகளில் நிற்கும்போதெல்லாம் சூடு காட்டும் ஊசி மேலே ஏறியது. வேகமாக ஓடினால் இறங்கியது. அப்பா ரப்பர் ஆலையில் 30 வருஷம் இஞ்சின் பார்த்தவர். பின்னால் இருந்தபடி, "இஞ்சின் மூச்சு வாங்குதுப்பா, நிறுத்து" என்றார்.

"இன்னும் கொஞ்ச தூரம் போயிடலாம்பா" என்றேன்.

பிற்பகல் 4 மணி இருக்கும். லாங் சுவான் தாண்டியதும் பானட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. ஓரத்தில் நிறுத்தினேன். பதற்றத்தில் துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டார்.

அவர் தட்டியிராவிட்டால் என் முகம் வெந்திருக்கும். மூடியிருக்கும் ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய், அத்தனை தண்ணீரும் ஒரே நொடியில் கொதித்துப் பீறிடும். காய்ந்த இஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலோ இரும்பு வெடித்துவிடக்கூடும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பது.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். சைட்கார் மோட்டார் சைக்கிளில் பழம் விற்றுக்கொண்டு வந்த ஒருவர் நின்றார். அவர் மொழி எங்களுக்குத் தெரியாது, எங்கள் மொழி அவருக்குத் தெரியாது. ஆவியைப் பார்த்தார், தலையாட்டினார், போய் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். ரேடியேட்டரின் மேல் குழாய் வெடித்திருந்தது. உள்ளே மிஞ்சியிருந்த தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் துருப்பிடித்து வந்தது. மெக்கானிக் காற்றாடியை நேரே பேட்டரியில் இணைத்துப் பார்த்தார், சுற்றியது. அப்படியானால் காற்றாடி நல்லது, அதற்கு மின்சாரம் விடும் ரிலேதான் கெட்டது. நிற்கும்போது ஊசி ஏறியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

குழாயும் ரிலேயும் மாற்றியாகிவிட்டது. ஆனால் ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கிறது, காலையில் வேறொன்று போடுகிறேன் என்று கைஜாடையில் சொல்லி, ஒரு அட்டையில் மொத்தத் தொகையை எழுதிக் காட்டினார்: 2,800 பாட்.

எனக்கு அவசரம். திங்கட்கிழமை பள்ளி. எல்லைக்கு இன்னும் 400 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். சுங்கச் சீட்டு நினைவுக்கு வந்தது. நாங்கள் போகலாம், கார் போகாவிட்டால் வம்பு. அப்படியென்றால் இரவோடு இரவாக மெதுவாக ஓட்டிப் பார்ப்போம் என்றேன்.

அப்பா அதுவரை பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "எங்கப்பன் இந்த நாட்டுக்கு வந்தாரு, திரும்பல. நாம வந்தோம், திரும்பிப் போவணும். ஒரு நாளு பிந்துனா பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிடாதுப்பா."

நான் தலைமையாசிரியருக்குத் தொலைபேசியில் விவரம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அன்று இரவு அங்கேயே ஒரு சிறிய விடுதியில் தங்கினோம்.

வாசகர்களே, பழைய காரில் தூரப் பயணம் போக நினைப்பவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தண்ணீர் குறைந்தால் ஊற்றுவதோடு நிற்காதீர்கள். எங்கே போகிறது என்று பாருங்கள். தரையில் ஒழுக்கு இல்லாமல் குறைந்தால், எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். பால் கலந்ததுபோல் இருந்தாலோ, புகைக்குழாயில் வெள்ளைப்புகை நிற்காமல் வந்தாலோ, தண்ணீர் இஞ்சினுக்குள் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்தக் காரில் பயணமே வேண்டாம். பைப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் துரு பிடிக்கும். ரேடியேட்டருக்கென்று விற்கும் கூலண்ட் ஊற்றுங்கள்.

நிற்கும்போது ஊசி ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்றாடியைப் பாருங்கள். ஓடும்போதும் மேடு ஏறும்போதும் ஊசி ஏறினால், தண்ணீர் ஓட்டத்தில் அடைப்பு இருக்கலாம். ஒரு குழாய், இரண்டு கிளிப்பு, ஃபியூஸ், 5 லிட்டர் தண்ணீர், கைவிளக்கு ஆகியவை பூட்டில் இருக்கட்டும்.

எல்லை தாண்டுவதானால் கார் உங்கள் பெயரில் இருக்கிறதா, தவணை பாக்கி உள்ளதா என்று பாருங்கள். பிறர் பெயரில் இருந்தாலோ, வங்கிக் கடன் இருந்தாலோ அனுமதிக் கடிதம் தேவைப்படும். விதிகள் மாறக்கூடியவை, புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். முதியவர்களுக்குப் போகும் நாள் கணக்கைவிட மூன்று நாள் கூடுதலாக மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். என் மனைவி அப்படி எடுத்து வைத்திருந்ததால்தான் அன்று அப்பாவின் நீரிழிவு மாத்திரை தீராமல் இருந்தது.

மறுநாள் முற்பகல் 11 மணிக்குப் புறப்பட்டோம். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. மணிக்கு ஒருதரம் நிறுத்தினோம். அப்பா ஒரு பழைய பள்ளி நோட்டில் நேரம், தூரம், ஊசி நின்ற இடம் மூன்றையும் எழுதிக்கொண்டே வந்தார். ஊசி பாதிக்கு மேல் ஏறவே இல்லை.

இரவு 11 மணிக்குத் தோட்டத்துக்குள் நுழைந்தோம். லயத்து வீடுகளில் விளக்கு அணைந்திருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் எரிந்தது. அம்மா, மூட்டுவலியோடு, வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"நேத்தே வந்திருக்கணுமே" என்றார்.

அப்பா மெதுவாக இறங்கி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்கம்மாவும் இப்பிடித்தான் உக்காந்திருப்பாங்களாம்" என்றார். "ரொம்ப வருஷம்."

காரைப் பூட்டிவிட்டு வந்த எனக்கு, ஒரு நாள் தாமதம் பெரிதாகத் தோன்றவில்லை.