ஏர்போர்ட் வருது, மனை வாங்கலாமா? காஞ்சிபுரத்தைச் சுற்றி இடம் வாங்கறதுக்கு முன்னாடி

போன எபிசோடுக்கு அப்புறம் சிங்கப்பூர்ல வேலை பார்க்கிற ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். இந்தோனேசியாவுல ஒரு கிராமத்துல குறைஞ்ச விலைக்கு இடம் வருதாம். அங்க வீடு கட்டி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமா, இல்ல நம்ம காஞ்சிபுரம் பக்கமே வாங்கிப் போடலாமான்னு கேட்டிருக்கார். முதல் பாதிக்குச் சீக்கிரமா பதில் சொல்லிட்டு நம்ம ஊருக்கு வந்துடறேன்.

இந்தோனேசியாவுல 1960-ல் வந்த அடிப்படை நிலச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. முழு உரிமையை அவங்க 'ஹக் மிலிக்'னு சொல்றாங்க. அது அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டுக்காரருக்குக் கிடைக்கிறது 'ஹக் பாக்காய்', அதாவது குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்திக்கிற உரிமை. இதைத் தாண்டறதுக்கு உள்ளூர்க்காரர் பேர்ல வாங்கி, தனியா ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிற வழக்கம் பாலியில ரொம்ப உண்டு. ஆனா முழு உரிமையை வெளிநாட்டவருக்குக் கொடுக்கிற எந்தப் பரிமாற்றமும் செல்லாது, நிலம் அரசாங்கத்துக்குப் போயிடும்னு சட்டத்திலேயே எழுதியிருக்கு. பினாமியை நம்பி வீடு கட்டறதும் ஆத்து மணல்ல வீடு கட்டறதும் ஒண்ணுதான்.

சரி, அப்போ இங்கயே வாங்கிடலாமேன்னா, அதுலயும் ஒண்ணு கவனிக்கணும். வெளிநாட்டுல குடியிருக்கிற இந்தியர் இங்க வீடு வாங்கலாம், வீட்டுமனை வாங்கலாம். விவசாய நிலமும் பண்ணை வீடும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி விலைக்கு வாங்க முடியாது. அப்பா தாத்தா வழியா வந்தா வெச்சுக்கலாம், அவ்வளவுதான். இங்கேயே குடியிருக்கிறவருக்கு அந்தத் தடை இல்லை. சில மாநிலங்கள் மாதிரி 'நீ விவசாயியா?'ன்னு தமிழ்நாட்டுல கேட்க மாட்டாங்க. நில உச்சவரம்புக்குள்ள இருந்தா போதும்.

இப்போ நம்ம கதை. 2022 ஆகஸ்ட்டில் பரந்தூரில் சென்னையோட ரெண்டாவது விமான நிலையம்னு அறிவிச்சாங்க. 5,700 ஏக்கருக்கும் மேல எடுக்கிற திட்டம். ஏகனாபுரம் மக்கள் அன்னையிலிருந்து எதிர்ப்புத் தெரிவிச்சுக்கிட்டே இருக்காங்க, கிராம சபையில திரும்பத் திரும்ப தீர்மானம் போட்டிருக்காங்க. அவங்களுக்கு அது ஊரும் ஏரியும் போற விஷயம். இன்னொரு பக்கம், அதே அறிவிப்பை பேனர்ல போட்டு, பதினஞ்சு இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கழனியைக்கூட 'ஏர்போர்ட் சிட்டி'ன்னு விக்கிறாங்க. வாலாஜாபாத் ரோட்டுல போனா கொடி கட்டின லேஅவுட்டுக்குப் பஞ்சமே இல்லை. கையகப்படுத்துற எல்லைக்குள்ள இடம் வாங்கினா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. நீங்க புரோக்கருக்குக் கொடுத்த விலையைக் கேட்டு அரசாங்கம் இழப்பீடு கணக்குப் பண்ணாது.

இதுல என் கவலைக்கு ஒரு ஆள் இருக்கார். எங்க சித்தப்பா. பிள்ளையார்பாளையத்துல முப்பத்தஞ்சு வருஷமா தறி நெய்யறவர், இன்னும் வாடகை வீடு. சேமிப்பு, சீட்டு எடுத்த பணம், சித்தியோட ஒரு செயினை வித்தது எல்லாம் சேர்த்து எட்டரை லட்சம். 1,200 சதுர அடி, அடி 700 ரூபாய், மொத்தம் 8,40,000. "ஞாயித்துக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கொடுக்கணுமாம்டா, இல்லன்னா கைமாறிடுமாம்"னு வந்து நின்னார். பத்திரம், பட்டா, வில்லங்கம் மூணும் கையில இருக்கு, வேற என்னடா வேணும்னு கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனா அந்த மூணு காகிதமும் என்ன சொல்லுது, என்ன சொல்லலைன்னு பிரிச்சுப் பார்க்கணும். நம்ம நாட்டுல சார்பதிவாளர் ஆபீஸ் பதிவு பண்றது பத்திரத்தை. நிலம் விக்கிறவருக்குத்தான் சொந்தம்னு அது உத்தரவாதம் கொடுக்கலை. பட்டா வருவாய்த் துறையோடது, வேற ஆபீஸ், வேற பதிவேடு. நம்ம துறை பாஷையில சொன்னா, வில்லங்கச் சான்று ஒரு லாக் ஃபைல். அந்தச் சர்வே எண்ணுல என்னென்ன பத்திரம் பதிவாச்சுன்னு வரிசையாச் சொல்லும். பதிவாகாத உயில், வாய்வழிப் பாகப்பிரிவினை, கோர்ட்டுல ஓடற வழக்கு இதெல்லாம் பெரும்பாலும் லாக்ல வராது. பட்டா இன்னொரு டீமோட டேட்டாபேஸ். ரெண்டும் ஒத்துப்போகணும்னு நம்ம எதிர்பார்க்கிறோம், பல ஊர்ல ஒத்துப்போறதில்லை.

சித்தப்பா மனைக்குப் பட்டா சரி, வில்லங்கமும் சுத்தம். நோட்டீஸ்ல டிடிசிபி நம்பர், ரெரா நம்பர் ரெண்டும் பெரிசா அச்சடிச்சிருந்தாங்க. 500 சதுர மீட்டருக்கு மேல, அல்லது எட்டு மனைக்கு மேல பிரிச்சு விக்கிறவங்க ரெராவில பதிவு பண்ணியே ஆகணும். அந்த நம்பரைத் தமிழ்நாடு ரெரா தளத்துல போட்டா அங்கீகரிச்ச வரைபடமும் சர்வே எண்களும் தெரியும். போட்டுப் பார்த்தோம். நம்பர் நிஜம், லேஅவுட்டும் நிஜம். சித்தப்பாவுக்குக் காட்டின மனையோட சர்வே எண் மட்டும் அதுல இல்லை! அங்கீகாரம் முதல் கட்டத்துக்கு. இவருக்கு வித்தது பக்கத்துக் கழனியில கல் நட்டு 'ஃபேஸ் டூ'ன்னு பேர் வெச்சது. கேட்டா, "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்"னாங்க.

ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்டா லேஅவுட் அங்கீகாரம் ஆகிடாது. அது டிடிசிபி, இடத்தைப் பொறுத்து சிஎம்டிஏ வேலை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு பண்ணக் கூடாதுன்னு 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது பலருக்கு நினைவிருக்கும், பத்திரப்பதிவே ஸ்தம்பிச்சுப் போச்சு. அப்புறம் 2017-ல் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி உருவான மனைப்பிரிவுகளுக்கு வழி பண்ணாங்க. இன்னைக்குக் கல் நடற இடத்துக்கு அந்த வழி கிடையாது.

சித்தப்பா அட்வான்ஸ் கொடுக்கலை. ரெண்டு நாள் என்கிட்ட சரியாப் பேசவும் இல்லை.

இதைவிட ஆழமான சிக்கல் ஒண்ணு நம்ம பகுதிக்கே உரியது. பஞ்சமி நிலம். செங்கல்பட்டு மாவட்ட கலெக்டரா இருந்த டிரமென்ஹீர் 1891-ல் இங்கே தலித் மக்கள் நிலமில்லாம எப்படி வாழறாங்கன்னு ஒரு அறிக்கை எழுதினார். காஞ்சிபுரமும் அப்போ அந்த மாவட்டம்தான். அதன் விளைவா 1892-ல் அவங்களுக்கு நிலம் கொடுக்க ஆணை வந்தது. மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர்னு சொல்வாங்க. முதல் பத்து வருஷம் விக்கக் கூடாது, அதுக்கப்புறமும் அதே மக்களுக்குள்ளதான் விக்கலாம், மீறினா விற்பனை செல்லாதுன்னு நிபந்தனை. அந்த நிலத்துல பெரும்பகுதி கைமாறிப் போச்சு. அதை மீட்கத்தான் காரணையில போராடினாங்க. 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டுல நடந்த துப்பாக்கிச் சூட்டுல ஜான் தாமஸ், ஏழுமலைன்னு ரெண்டு பேர் செத்துப்போனாங்க. இந்த நிலத்தை வாங்கக் கூடாதுங்கறதுக்குச் சட்டம் ஒரு காரணம். இன்னொருத்தருக்குச் சேர வேண்டியதுங்கறது அதுக்கும் முன்னாடி வர்ற காரணம்.

கண்டுபிடிக்கிறது எப்படி? ஆன்லைன் வில்லங்கம் பெரும்பாலான ஆபீஸ்ல 1975-லிருந்துதான் வரும். 1980-கள்ல யுடிஆர்னு நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தப்போ பல பழைய குறிப்புகள் புதுப் பதிவேட்டுக்கு வரவே இல்லை. அதனால யுடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டைத் தாலுகா ஆபீஸ்ல கேட்டு வாங்கிப் பாருங்க. 'டி.சி.'ன்னு, இல்ல நிபந்தனைப் பட்டான்னு ஒரு சின்னக் குறிப்பு இருந்தா அங்கேயே நிறுத்திடுங்க. அதே பதிவேட்டுல புறம்போக்கு வகையும் தெரியும்: மேய்க்கால், வண்டிப்பாதை, ஏரி, கால்வாய். கோயில் பேர் இருந்தா, அறநிலையத் துறை ஆணையர் அனுமதி இல்லாம நடந்த விற்பனை செல்லாது. கோயில் நகரத்துக்குப் பக்கத்துல நிலம் வாங்கறோம், கோயில் நிலம் குறுக்கே வராம இருக்குமா?

ஏரியைப் பத்தித் தனியா சொல்லணும். இது ஏரி மாவட்டம். ஊர்ப் பேர்ல தாங்கல்னு வந்தா அங்க தண்ணி தங்கும்னு அர்த்தம். புலப்படத்தை, அதாவது எஃப்எம்பி வரைபடத்தை எடுத்து, மதகு எங்க, கலங்கல் எங்க, உபரி நீர் எந்தப் பக்கம் ஓடும்னு பாருங்க. வெயில் காலத்துல புரோக்கரோட போனா எல்லாம் மேடாத்தான் தெரியும். 2015 டிசம்பர்ல இந்த இடத்துல எவ்வளவு தண்ணி நின்னுச்சுன்னு டீக்கடைப் பெரியவரைக் கேளுங்க. எந்த ஆப்பும் அவர் அளவுக்குத் துல்லியமாச் சொல்லாது.

நம்ம முன்னோர் இதையெல்லாம் லேசா எடுத்துக்கலை. உத்திரமேரூர் கல்வெட்டு, பராந்தக சோழன் காலம், 921. குடவோலைல பேர் எழுதணும்னா கால் வேலிக்கு மேல வரி கட்டற நிலம் வேணும், சொந்த மனையில வீடு கட்டிக் குடியிருக்கணும், வயசு 35-லிருந்து 70-க்குள்ள. ஏரியைப் பார்த்துக்கறதுக்குன்னே ஏரி வாரியம். நிலமும் வேணும், அங்கேயே குடியும் இருக்கணுங்கறதை நான் ரொம்ப யோசிச்சிருக்கேன். இன்னைக்குக் கொடி நட்ட லேஅவுட்ல பாதிக்கு மேல யாரும் குடிபோக வாங்கலை. சீமைக்கருவேலம்தான் குடியிருக்கு. (வேலி, காணி, குழி அளவெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். நம்ம பக்கம் ஒரு காணின்னா 24 மனை, 57,600 சதுர அடி, ஒண்ணே கால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. பழைய பத்திரம் படிக்கும்போது உதவும்.)

குடியிருக்கிறதுன்னு வந்தா சித்தப்பாவுக்கு வேற கணக்கு. கோர்வை போட்டு நெய்ய ரெண்டு ஆள் வேணும், ஒருத்தர் கூட உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளணும். காலையில தெருவுல பாவு விரிக்க நீள இடமும் நாலு கையும் வேணும். ஊரைவிட்டுப் பதினஞ்சு கிலோமீட்டர்ல தனியா ஒரு வீடு கட்டினா, தறி போடலாம், நெய்ய முடியாது. கைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் உண்டு. அதுவும் தறி ஓடினாத்தான். இதையெல்லாம் சித்திதான் முதல்ல சொன்னாங்க, நான் இல்லை. இப்போ ரெண்டு பேரும் நெசவுக்காரங்க இருக்கிற ஒரு ஊர்ல பழைய நத்தம் வீடு ஒண்ணு பார்த்துட்டு வந்திருக்காங்க. சுவர் விரிசல், கூரை மாத்தணும், தறிக்குழி மட்டும் அப்படியே இருக்கு. நத்தம் பட்டா அண்ணன் தம்பி மூணு பேர் பேர்ல, கூட ரெண்டு தங்கச்சிங்க. தங்கச்சிங்க கையெழுத்து இல்லாம வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். 1989-லயே தமிழ்நாட்டுச் சட்டத்துல பெண்களுக்குப் பங்கு வந்தாச்சு, 2005-ல் நாடு முழுக்க வந்தது. "அவங்கதான் வேணாம்னு சொல்லிட்டாங்களே"ங்கறது ஆவணம் ஆகாது. விடுதலைப் பத்திரம் பதிவாகணும்.

கடைசியா செலவு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன்னாடி பதிவுக் கட்டணம் 4. எட்டு லட்சத்து நாப்பதாயிரத்துக்குப் பதிவு பண்ணா 75,600 ரூபாய். 2025 ஏப்ரல் 1-லிருந்து 10 லட்சத்துக்குள்ள இருக்கிற சொத்தைப் பெண்கள் பேர்ல பதிவு பண்ணா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைவு, அதாவது 8,400 மிச்சம். சித்தி பேர்லதான் போடறதுன்னு முடிவாயிடுச்சு. அவங்க செயின்தானே போச்சு!

அடுத்த எபிசோடுல கூட்டுப் பட்டாவை உட்பிரிவு பண்றது எப்படின்னு பார்க்கலாம். சர்வேயருக்கு மனு போட்டுக் காத்திருந்த அனுபவம் இருந்தா அனுப்புங்க, பேர் சொல்லாம படிக்கிறேன்.