மாட்டை ஏமாற்றிய ஊசி பிள்ளையை மாற்றுமா?

"அன்பு மருந்து" ஆட்டிசத்தைத் தீர்க்கும் என்பது உண்மையா? 290 பிள்ளைகளுக்கு நடத்திய சோதனையில் கிடைத்த விடை

திருத்தணி,-

ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணி மலையில் கால் வைக்க இடம் இருக்காது. மொத்தம் 365 படி. தமிழும் தெலுங்கும் கலந்து பேசியபடி பூக்காவடியும் பால்குடமுமாக ஜனங்கள் ஏறுவார்கள். அந்தக் கூட்டத்தில், வாய் திறந்து பேசாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேர்த்திக்கடனுக்கு வரும் தாய்மார்களும் உண்டு.

கூப்பிட்டால் திரும்பாது. முகத்தைப் பார்க்காது. டாக்டர் "ஆட்டிசம்" என்று சொல்லியிருப்பார். அரசாங்கக் காகிதத்தில் "புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்" என்று நீளமாக எழுதியிருக்கும்.

இப்படிப்பட்ட பெற்றோரைக் குறிவைத்து ஒரு பேச்சு கிளம்பியது. "ஆக்சிடோசின் என்று ஒரு மருந்து இருக்கிறது. அதுதான் அன்பு ஹார்மோன். மூக்கில் அடித்தால் பிள்ளை ஒட்டிக்கொள்ளும்" என்பதே அந்தப் பேச்சு. இன்டர்நெட்டில் ஸ்பிரே பாட்டில் விற்கவும் ஆள் கிளம்பிவிட்டார்கள்.

இந்த மருந்து நம் ஊருக்குப் புதியது அல்ல. பால்குடத்தில் இருக்கும் பாலுக்கும் அதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அதன் விவரம் வருமாறு:-

வைக்கோல் கன்று

"கன்னு முட்டினாத்தான் மாடு பால் விடும்" என்பார்கள் கறவைக்காரர்கள். கன்று மடியை முட்டியதும் மாட்டின் மூளைக்குச் சேதி போகிறது. மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதற்குப் பெயர் பிட்யூட்டரி. அது ஆக்சிடோசினை ரத்தத்தில் விடுகிறது. சுமார் ஒரு நிமிடத்தில் மடி இறுகி, பால் இறங்கிவிடும்.

கன்று செத்துப் போனால்? அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து மாட்டின் முன்னால் நிறுத்துவார்கள். அந்தக் காலத்து மெட்ராசில் மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்து கறந்து கொடுத்த பால்காரர்கள், வைக்கோல் கன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். மாடு அந்தப் பொம்மையை நக்கும். பால் சுரக்கும்.

பிறகு ஊசி வந்தது. கன்றும் வேண்டாம், பொம்மையும் வேண்டாம். ஆக்சிடோசினை ஊசியில் ஏற்றிப் போட்டால் போதும், பால் இறங்கிவிடும்.

2 ஆண்டு ஜெயில்

இப்படி ஊசி போடுவது சட்டப்படி குற்றம். மாட்டின் உடம்புக்குக் கேடு வரும்படி பாலுக்காக ஊசி போட்டால் 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 12-வது பிரிவில் 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் இந்த மருந்தை விற்கவும் கூடாது.

"அந்தப் பாலைக் குடித்தால் நமக்கு என்ன ஆகும்?" என்று கேட்பவர்கள் பலர். ஆக்சிடோசின் 9 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னச் சங்கிலி. வயிற்றுக்குள் போனால் அதுவும் செரித்துவிடும். இதில் வதைபடுவது மாடுதான்.

மாட்டு ஊசியைத் தடுக்க 2018-ல் மத்திய அரசு ஒரு அதிரடி உத்தரவு போட்டது. உள்நாட்டு விற்பனைக்குத் தனியார் கம்பெனிகள் ஆக்சிடோசின் தயாரிக்கத் தடை விதித்தது. கர்நாடகத்தில் உள்ள ஒரே ஒரு அரசு கம்பெனி மட்டும் தயாரிக்கலாம் என்றது.

வழக்கு டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனது. பிரசவமான தாய்க்கு ரத்தப்போக்கு வராமல் தடுக்க, குழந்தை பிறந்த உடனே 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிரசவ வார்டில் பிரிட்ஜில் வைத்திருக்கும் உயிர் காக்கும் மருந்து அது. ஒரே கம்பெனியை நம்பினால், மருந்து கிடைக்காமல் தாய்மார்கள் சாக நேரிடும் என்று வாதாடப்பட்டது. 2018 டிசம்பர் 14-ந் தேதி ஐகோர்ட்டு அந்தத் தடை உத்தரவை ரத்து செய்தது.

ஆக, மடியை இறக்குவது, கர்ப்பப்பையைச் சுருக்குவது என இரண்டு வேலைகளை இந்த மருந்து கச்சிதமாகச் செய்யும். அதில் சந்தேகம் இல்லை. "அன்பு" என்ற பட்டம் எங்கிருந்து வந்தது?

ஆடும் எலியும்

1987-ல் இங்கிலாந்தில் ஆட்டை வைத்து ஒரு சோதனை நடந்தது. சாதாரணமாகப் பெட்டை ஆடு யாரோ பெற்ற குட்டியை அண்ட விடாது, முட்டித் தள்ளும். சினைப்படாத ஆட்டின் மூளைக்குள் ஆக்சிடோசினைச் செலுத்தினார்கள். அது அந்நியக் குட்டியைத் தன் குட்டி போலச் சேர்த்துக்கொண்டது!

அமெரிக்காவில் புல்வெளி எலி ஒன்று உண்டு. ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்தால் பிரியாமல் குடும்பம் நடத்தும். அதற்கும் ஆக்சிடோசின்தான் காரணம் என்றார்கள். 2005-ல் சுவிட்சர்லாந்தில் மனிதர் மூக்கிலும் அடித்துப் பார்த்தார்கள். பண விளையாட்டில் முன்பின் தெரியாதவரை அதிகமாக நம்பினார்கள் என்று சேதி வந்தது. "அன்பு மருந்து" என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது.

இதற்கு முன்பே, 1998-ல், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் ரத்தத்தில் ஆக்சிடோசின் குறைவு என்று ஒரு சிறிய ஆய்வு சொல்லியிருந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். "குறைகிறதா? ஊற்றினால் சரியாகிவிடும்!"

உடைந்த நம்பிக்கை

2021-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனையின் முடிவு வெளியானது. 3 வயது முதல் 17 வயது வரை ஆட்டிசம் உள்ள 290 பிள்ளைகள். பாதிப் பேருக்கு ஆக்சிடோசின் ஸ்பிரே. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் ஸ்பிரே. யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 24 வாரம் தினமும் அடித்தார்கள்.

முடிவு? இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. மருந்து அடித்த பிள்ளை, வெறும் தண்ணீர் அடித்த பிள்ளையைவிட அதிகமாகப் பழகவில்லை.

2023-ல் இன்னொரு சேதி. ஆக்சிடோசினை ஏற்கும் வாசலே உடம்பில் இல்லாதபடி புல்வெளி எலிகளை உருவாக்கினார்கள். அவையும் ஜோடி சேர்ந்தன, குட்டிகளை வளர்த்தன! பாசம் என்பது ஒரே சாவியில் திறக்கும் பூட்டு அல்ல என்று அப்போது தெரிந்தது.

தாய் மேல் பழி

இதில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. 1943-ல் லியோ கானர் என்ற டாக்டர் ஆட்டிசத்தைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதினார். அதன் பிறகு பல ஆண்டுகள், "தாய் பாசம் காட்டாததால் வந்தது" என்று மேல்நாட்டு டாக்டர்களே பழி போட்டார்கள். அது பொய் என்று பின்னால் ருசுவானது. ஆட்டிசம் கருவிலேயே, மூளை வளரும் விதத்தில் ஆரம்பிப்பது. அதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

"அன்பு ஊசி போட்டால் சரியாகும்" என்றால் என்ன அர்த்தம்? அந்த வீட்டில் அன்பு குறைவு என்றுதானே அர்த்தம்! பழைய பழி புதுச் சட்டை போட்டு வருகிறது. முகம் பார்க்காத பிள்ளையும் அம்மா எழுந்து போனால் தேடும், திரும்பி வந்தால் பக்கத்தில் வந்து நிற்கும். அதன் பாசத்துக்கு வேறு பாஷை, அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

ஒரு வயது தாண்டியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டி எதையும் காட்டவில்லை என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். "லேட்டாப் பேசும், நம்ம வம்சமே அப்படித்தான்" என்று காத்திருப்பது தவறு. பேச்சுப் பயிற்சி, விளையாட்டுப் பயிற்சி, பெற்றோருக்கே சொல்லிக் கொடுக்கும் பயிற்சி ஆகியவை சீக்கிரம் ஆரம்பித்தால் பலன் உண்டு. சென்னை முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசு நிறுவனம் 2005 முதல் நடக்கிறது.

1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும் 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்திலும் ஆட்டிசம் இடம் பெற்றுள்ளது. சர்டிபிகேட் வாங்கினால் சலுகைகள் கேட்டுப் பெறலாம். பாட்டிலுக்குக் கொடுக்கும் பணத்தைப் பிள்ளையின் பயிற்சிக்குப் போகும் பஸ் செலவுக்கு வைக்கலாம்.

திருத்தணி மலைக்கு ரோடு போட்டிருக்கிறார்கள். காரில் உட்கார்ந்தால் சில நிமிடத்தில் உச்சிக்குப் போய்விடலாம். இந்தப் பிள்ளைகளை வளர்ப்பதற்கு அந்த ரோடு இன்னும் போடவில்லை. படி வழிதான். ஒரு வார்த்தை ஒரு படி, ஒரு சிரிப்பு ஒரு படி.

ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.