குழாய் வழவழப்பு ஏன் குளோரினுக்கு மசிவதில்லை?

பழைய குடிநீர்க் குழாயை அறுத்து உள்ளே விரல் விட்டால் வழுக்கும். பாக்டீரியாக்கள் சுவரில் ஒட்டி, தாமே சுரக்கும் பசையால் மூடிக்கொண்ட உயிர்ப்படலம் அது. அரியலூரின் சுண்ணாம்புக்கல் நிலத்திலும் அதையொட்டிய பெரம்பலூர்ப் பகுதிகளிலும் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர்தான். அதனால் குழாயில் படியும் பொருக்கின் சொரசொரப்பு படலத்துக்கு நல்ல பிடிமானம். விட்டுவிட்டு வரும் குழாய்த் தண்ணீர் வேகமெடுக்கும்போது படலம் பெயரும். முதல் குடம் கலங்கலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. மிதக்கும் பாக்டீரியாவுக்குப் பொதுவாக அது போதும். படலத்திலோ, குளோரின் மேற்பசையோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகிறது. அடியில் இருப்பவை தப்பிவிடுகின்றன.

ஆகவே வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது தேய்ப்பது முதலில், மருந்து பிறகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி நிரப்பியபின், 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். பவுடரில் 33 சதவீதக் குளோரின் இருந்தால் இது லிட்டருக்கு 50 மில்லிகிராம். ஒவ்வொரு குழாயிலும் வாடை வரும்வரை ஓடவிட்டு, இரவு முழுதும் மூடி வைக்க வேண்டும். காலையில் அத்தனையும் வெளியேற்றி, வாடை போன பிறகே குடிக்கப் பிடிக்கலாம்.