பட்டனில் இல்லை பிடிப்பு

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமப் பெண்கள் அலையலையாக சைக்கிள் பழகியபோது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். தட்டுப்பாடு மட்டும் அதற்குக் காரணமில்லை. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதற்காகவே சிலர் அதை விரும்பினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் ஓர் அங்கமாக, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில் நடந்த மாற்றம் அது. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். கல் குவாரிகளில் வேலை செய்த பெண்களும் சைக்கிள் பழகியவர்களில் உண்டு.

பாரில் குழந்தை, கேரியரில் குடம், வழியெல்லாம் ஜல்லியும் முள்ளும். இந்தச் சுமை முழுவதையும் கடைசியில் தாங்குவது இரண்டு டயர்கள். ஒரு பஞ்சர் என்றால் அரை நாள் கூலி போகலாம், பள்ளிக்கூடத்தில் முதல் பீரியட் போகலாம். ஆகவே டயரைத் தேர்ந்தெடுப்பதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. ஆனால் கடையில் நாம் தேர்ந்தெடுக்கும் முறை பெரும்பாலும் தவறான இடத்தைப் பார்க்கிறது. டயரின் முகத்தில் துருத்தி நிற்கும் பட்டனைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறோம். ஆழமாக இருந்தால் ‘நல்லா பிடிக்கும், நல்லா உழைக்கும்’ என்று எடுத்துக்கொள்கிறோம். தார்ச்சாலையைப் பொறுத்தவரை முதல் பாதி சரியில்லை. இரண்டாவது பாதி கொஞ்சம்தான் சரி.

டயர் தரையைத் தொடும் இடம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடலாம். ஓட்டுபவர் 50 கிலோ, சைக்கிள் 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த 70 கிலோவில் ஏறக்குறைய 60 சதவீதம், அதாவது 42 கிலோ, பின்சக்கரத்தில் இறங்கும். டயரில் சதுர அங்குலத்துக்கு 43 பவுண்டு காற்று இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ என்றும் இதைச் சொல்லலாம். டயரின் சொந்த விறைப்பை விட்டுவிட்டால் எடையைத் தாங்குவது இந்தக் காற்றழுத்தம்தான். எனவே 42-ஐ 3-ஆல் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு கிடைத்துவிடும்: 14 சதுர சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியின் முகத்தைவிடச் சிறிய இடம். கேரியரில் 15 லிட்டர் குடம் இரண்டைக் கட்டினால் அந்த 30 கிலோவும் நேராகப் பின்சக்கரத்தில் ஏறும். 42 கிலோ 72 ஆகும், 14 சதுர சென்டிமீட்டர் 24 ஆகும். பரப்பு அகல வேண்டுமென்றால் டயர் நசுங்கியாக வேண்டும். காற்றைக் கூட்டாமல் குடத்தை மட்டும் கூட்டினால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து, உள்ளே இருக்கும் நூல் சீக்கிரமே சலித்துவிடும்.

இந்தச் சின்ன இடத்தில்தான் பிடிப்பு பிறக்கிறது. ரப்பர் இரண்டு விதமாகப் பிடிக்கிறது. தரையோடு மிக நெருக்கமாக ஒட்டும்போது மூலக்கூறு அளவில் ஏற்படும் ஒட்டுதல் ஒன்று. தாருக்கு மேலே துருத்தி நிற்கும் ஜல்லியின் முனைகள் ரப்பருக்குள் அமுங்க, ரப்பர் அவற்றைச் சுற்றி வளைந்துகொடுத்து, சற்றுத் தாமதித்துப் பழைய வடிவத்துக்குத் திரும்புவது மற்றொன்று. அந்தத் தாமதத்தில் வெப்பமாகச் செலவாகும் ஆற்றல்தான் சறுக்கலைத் தடுக்கிறது. இரண்டுக்குமே ரப்பர் தரையைத் தொட வேண்டும். பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளம் தரையைத் தொடுவதில்லை. அதனால்தான் விலை உயர்ந்த ரோடு பைக் டயர்கள் பலவும் மொழுமொழுவென்றே இருக்கின்றன. அவற்றைப் பார்த்து ‘மொட்டை டயர்’ என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை.

மழையில் என்ன ஆகும் என்று கேட்கலாம். காருக்குப் பட்டன் அவசியம். வேகமாகப் போகும் அகலமான டயருக்கு அடியில் தண்ணீர் சிக்கிக்கொண்டு டயரையே தூக்கிவிடும். அந்த நிலை எந்த வேகத்தில் வரும் என்பதை 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்துக் கணக்கிட்டார்கள். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு அந்த வேகம் உயரும். நமது 43 பவுண்டை அந்தச் சூத்திரத்தில் போட்டால் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய விடை வருகிறது. சைக்கிள் டயரோ குறுகலானது, வட்ட முகம் கொண்டது. தண்ணீரைத் தானே இருபுறமும் விலக்கிவிடும். ஐப்பசியில் முதல் தூறலில் சைக்கிள் வழுக்குகிறதென்றால் காரணம் வேறு. மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து ஒரு படலமாகிவிடுகின்றன. நன்றாகப் பெய்து கழுவிவிட்டால் அதே சாலை மறுபடி பிடிக்கும்.

பட்டனுக்கு வேலை இருக்கும் இடமும் நம் மாவட்டத்தில் உண்டு. செம்மண் பாதையிலும் முந்திரிக்காட்டுத் தடத்திலும் பட்டன் மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கும். ஆனால் கிரஷர்களுக்குப் பக்கத்துச் சாலைகள் மோசமானவை. லாரியிலிருந்து சிந்திய கல்தூளும் பொடி ஜல்லியும் தார் மேல் மெல்லிதாகப் பரவிக் கிடக்கும். கீழே கெட்டித் தார், மேலே உருளும் துகள். பட்டன் இறங்குவதற்கு ஆழமில்லை, ரப்பர் தாரைத் தொடவும் வழியில்லை. அங்கே எந்த விலை டயரும் கைகொடுக்காது. கொஞ்சம் அகலமான டயர், கொஞ்சம் குறைத்த காற்று, வளைவுக்கு முன்பே குறைத்த வேகம்: அவ்வளவுதான் வழி. பாதி நாள் தாரிலும் பாதி நாள் மண்ணிலும் ஓட்டுபவருக்கு நடுவில் தொடர்ச்சியான வழவழப்பான பட்டையும் ஓரங்களில் பட்டனும் உள்ள டயர்தான் சரி என்பேன்.

உழைப்புக்கு வருவோம். பிடிப்பும் உழைப்பும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருப்பவை. மெத்தென்ற ரப்பர் ஜல்லி முனையைச் சுற்றி நன்றாக வளையும், ஆனால் சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் தேயாது, ஆனால் ஈரச் சாலையில் வழுக்கும். இந்த இழுபறியைச் சமாளிக்க நடுவில் கெட்டியும் ஓரத்தில் மென்மையுமாக இரண்டு கலவைகளைச் சேர்த்து வார்த்த டயர்கள் உண்டு. நேராகப் போகும்போது நடுப்பகுதி தேய்மானத்தைத் தாங்கும், திரும்பிச் சாயும்போது ஓரம் பிடிக்கும். ரப்பருக்குக் கறுப்பு நிறம் தரும் கார்பன் கரியும் அழகுக்காகச் சேர்ப்பதல்ல. அது கலக்காத ரப்பர் வெளிர் நிறமானது, விரைவில் தேய்ந்துவிடுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கரி ரப்பரை எவ்வளவு வலுவாக்குகிறது என்பது தெரியவந்தது.

கல் குவாரி நிலத்தில் ஓட்டுபவர் இயற்கை ரப்பரின் ஒரு குணத்தை அறிந்திருப்பது நல்லது. கன்னியாகுமரி மாவட்டத்து மரங்களில் வடிகிற அதே பாலிலிருந்து வருவதுதான் இந்த ரப்பர். இழுக்கும்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கி நின்று, இழுபடும் இடத்திலேயே தற்காலிகமாகப் படிகமாகி இறுகுகின்றன. கூரிய கல் ஒரு சிறு வெட்டு போட்டால், கிழிசல் நீளப் பார்க்கும் அந்த முனையில்தான் ரப்பர் மிக அதிகமாக இழுபடுகிறது. அங்கேயே அது கெட்டிப்பட்டுக் கிழிசலை நிறுத்தப் பார்க்கிறது. பெரும்பாலான செயற்கை ரப்பர்களுக்கு இந்தத் திறன் இவ்வளவு இல்லை. லாரி டயர்களில் இன்றும் இயற்கை ரப்பர் அதிகம் சேர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முள்ளுக்கு மட்டும் வேறு கணக்கு. சாலையோரச் சீமைக் கருவேலமும் தரையில் படரும் நெருஞ்சியும் டயரை வெட்டுவதில்லை, நூல்களுக்கு நடுவே நுழைந்துவிடுகின்றன. நம் ஊர் நெருஞ்சி அமெரிக்காவிலும் பரவி, அங்கே சைக்கிள்காரர்களின் தீராத தொல்லையாகிவிட்டது. அதைக் கட்டுப்படுத்த 1961-ல் இரண்டு வகைக் கூன்வண்டுகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். முள்ளைத் தடுக்க டயருக்குள் இரண்டு விதமான அரண் வைக்கிறார்கள். ஒன்று, 1960களில் ஸ்டெபனி குவோலெக் கண்டுபிடித்த கெவ்லர் போன்ற உறுதியான இழைகளால் நெய்த பட்டை. இழை எவ்வளவு வலுவாக இருந்தாலும் ஊசி முனை கண்ணிகளுக்கு இடையே வழி தேடிவிடும் என்பது இதன் குறை. மற்றொன்று, முள்ளின் நீளத்தைத் தடிமனாலேயே தோற்கடிக்கும் ரப்பர் அடுக்கு. ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் பிளஸ் டயரில் இந்த அடுக்கு 5 மில்லிமீட்டர். டயர் கனக்கும், மிதிப்பதற்குச் சற்று மந்தமாக இருக்கும். ஆனால் நெருஞ்சி பெரும்பாலும் டியூபைத் தொடாது. பழைய டயரின் பட்டையைச் சீவி டியூபுக்கும் டயருக்கும் நடுவில் வைக்கும் நம் பஞ்சர் கடைக்காரர்கள் செய்வதும் இதே வேலைதான். விளிம்பை நன்றாகச் சீவாமல் வைத்தால் அந்த ஓரமே டியூபை அரித்துவிடும்.

‘வெயிலில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடும்’ என்பார்கள். கணக்குப் போட்டால் அவ்வளவு பயமில்லை. காலை 30 டிகிரியில் 50 பவுண்டு அடித்த டயர் நண்பகலில் 55 டிகிரிக்குச் சூடேறினாலும் அழுத்தம் சுமார் 5 பவுண்டுதான் கூடும். நல்ல டயருக்கு அது ஒன்றுமேயில்லை. வெடிப்பது ஏற்கெனவே நூல் தெரிந்த டயர், அல்லது பக்கச்சுவர் வெடிப்புவிட்ட டயர். அந்த வெடிப்பைக் கொண்டுவருவதும் வெயில்தான் என்றாலும் அது நடக்கும் விதம் வேறு. புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பர் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி உடைக்கின்றன. இதைத் தடுக்க ரப்பரில் ஒருவகை மெழுகைக் கலக்கிறார்கள். டயர் ஓடி வளைய வளைய அது மேற்பரப்புக்குக் கசிந்து படலமாகிக் காக்கும். எனவே மாதக்கணக்கில் காற்றில்லாமல் வெயிலில் நிற்கும் சைக்கிளின் டயர், தினமும் ஓடும் டயரைவிட வேகமாகக் கெடும். சைக்கிளை நிழலில் நிறுத்தினால் டயருக்கு ஆயுள் கூடும்.

டயர் வாங்கும்போது முதலில் படிக்க வேண்டியது பக்கச்சுவரில் உள்ள எண்களை. 28 அங்குலம் என்று கேட்டு வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. பழைய கனத்த ஜென்ட்ஸ் சைக்கிளின் 28 x 1½ டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். ரோடு பைக்கின் 700சி டயருக்கு 622. பேச்சு வழக்கில் இரண்டும் 28 அங்குலம்தான், ஆனால் ஒன்று மற்றொன்றில் ஏறாது. 26 அங்குலத்திலும் இதே குழப்பம் இருக்கிறது: 26 x 1⅜ என்று பின்னத்தில் எழுதியது 590, மலைச் சைக்கிளின் 26 அங்குலம் 559. கடைசியில் வரும் இந்த மூன்றிலக்க எண்ணை மட்டும் நம்புங்கள். ரோடு பைக் வைத்திருப்பவர், ஃபிரேமில் இடமிருந்தால், 25க்குப் பதில் 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் போடுவதே நம் சாலைகளுக்கு நல்லது. அகலமான டயர் மந்தம் என்பது பழைய நம்பிக்கை. ஒரே அழுத்தத்தில் அகல டயர் நீளவாக்கில் குறைவாகவே நசுங்குவதால் உருளும் தடையும் குறைவு. காற்றைக் கொஞ்சம் குறைத்தும் ஓட்டலாம், பிடிப்பும் கூடும்.

புது டயரை எந்தச் சக்கரத்தில் போடுவது? பின் டயர்தான் முதலில் தேயும், ஏனென்றால் அதிக எடையும் மிதிக்கும் விசையும் அதன் மேலேதான். அதனால் தேய்ந்ததைக் கழற்றிய இடத்திலேயே புதியதைப் போட்டுவிடுகிறோம். பிரேக் பிடிக்கும்போதோ எடை முன்னே சாய்கிறது. சைக்கிளை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் டயருக்கு. பின்சக்கரம் சறுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம். முன்சக்கரம் சறுக்கினால் சமாளிக்க நேரமே கிடைக்காது. ஆகவே முன் டயரைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போடச் சொல்லுங்கள். கடைக்காரருக்கு இன்னொரு சக்கரத்தைக் கழற்றும் வேலை கூடும், அதற்கான கூலியைக் கொடுத்துவிடலாம்.